பறவை தேடி நடக்கும் காலுக்கு எந்தச் சப்பாத்து?

மாத்தளை மலைகளில் பறவை பார்க்கக் கிளம்புபவர்கள் தொலைநோக்கியைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும், எந்தக் கண்ணாடி, மழைக்குத் தாங்குமா என்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்குவார்கள். காலுக்கு வரும்போது மட்டும் கணக்குச் சுருங்கிவிடுகிறது: மலை என்றால் தடித்த தோல் பூட்ஸ், கணுக்காலுக்கு மேல் உயரம், உள்ளே தண்ணீர் புகாத மென்படலம், எவ்வளவு கனமோ அவ்வளவு உறுதி. அந்தக் கணக்கு இந்த மலைகளுக்குப் பொருந்தாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் வழியாக இலுக்கும்புர வரையுள்ள சரிவுகளில் ஒரு பகல் முழுவதும் நடக்கப் போகிறவருக்கு வேண்டியது, சோடி ஒரு கிலோவுக்குள் அடங்குகிற, மேற்பாகம் துணியாலான, உள்ளே போன நீரை நிறுத்தி வைக்காத, விரல்களுக்கு அகலமாக இடம் விடுகிற, வளைந்து கொடுக்கும் ரப்பர் அடி கொண்ட சப்பாத்து. இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை பல. அவற்றில் ஒன்றிரண்டு நியாயமானவை; அவற்றுக்கு ஏற்பத் தேர்வைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும்.

இலகுவான மலைச் சப்பாத்தின் தேவையை நன்கு உணர்ந்தவர்கள் பறவை வேட்டைக்காரர்கள். மேலை நாடுகளில் கௌதாரியையும் காட்டுக்கோழி இனங்களையும் தேடிப் புல்மேடுகளில் நாள் முழுவதும் நாய்களின் பின்னால் நடப்பவர்களுக்கென்றே எடை குறைந்த பூட்ஸ்கள் இன்றும் தனியாகச் செய்யப்படுகின்றன. இலங்கை மலைகளிலும் அந்த வேட்டை இருந்தது. பிரித்தானியர் காலத்துத் தோட்டத்துரைமார் காட்டுக்கோழியையும் காடையையும் மலையில் சுட்டார்கள். உள்ளானைச் சேற்று வயலில் சுட்டார்கள். 1878க்கும் 1880க்கும் இடையில் வெளிவந்த வின்சென்ட் லெக்கின் பெரும் பறவை நூல்கூடத் துப்பாக்கியால் சேகரித்த பறவைகளை வைத்தே எழுதப்பட்டது. அந்தக் காலம் போய்விட்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் ஏறக்குறைய எல்லாக் காட்டுப் பறவைகளையும் காக்கின்றன. நக்கிள்ஸ் பாதுகாப்பு வனம் 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. துப்பாக்கி போய்த் தொலைநோக்கி வந்தது முழுக்க முழுக்க நல்ல மாற்றம். நடை மட்டும் மாறவில்லை. வேட்டைக்காரரைப் போலவே பறவை பார்ப்பவரும் பத்தடி நடந்து நிற்கிறார், பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்குகிறார், ஒரு குரலுக்காகக் கால் மணி நேரம் அசையாமல் காத்திருக்கிறார். சிகரம் ஏறுபவர் தன் கால் வைக்கும் இடத்தைப் பார்த்தபடி ஏறுவார்; பறவை பார்ப்பவரின் கண் மரக்கிளையில் இருக்கும். கீழே இருப்பது கல்லா வேரா சேறா என்பதைப் பாதமே உணர்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. விறைத்த தடித்த அடி அந்த உணர்வை மறைத்துவிடும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

எடையிலிருந்து தொடங்குவோம், அளந்து பார்க்கப்பட்ட சான்று அதிகம் உள்ளது அதற்குத்தான். அமெரிக்க இராணுவத்துக்காக ஆய்வு செய்த சோல், கோல்ட்மன் இருவரும் 1969இல் சுமைகளைத் தலையிலும் கையிலும் காலிலும் மாற்றி மாற்றிக் கட்டி நடக்கவைத்து, உடல் செலவழிக்கும் சக்தியை அளந்தார்கள். காலில் கட்டிய ஒரு கிலோ, உடலோடு ஒட்டிச் சுமக்கும் ஒரு கிலோவைப்போல நான்கு முதல் ஆறு மடங்கு வரை சக்தியைத் தின்றது. நடை வேகமாக வேகமாக மடங்கும் கூடியது. 1986இல் லெக், மகந்தி என்ற இருவர் கனமான பூட்ஸையும் முதுகுச் சுமையையும் ஒப்பிட்டபோது அது ஆறு மடங்கைத் தாண்டியது. பறவை பார்ப்பவர் மெதுவாகத்தானே நடக்கிறார், அவருக்கு இந்த மடங்கு பொருந்துமா என்று கேட்கலாம். குறைந்த மடங்கையே எடுத்துக்கொள்வோம். தோலாலான மலை பூட்ஸ் சோடி 1,600 கிராமும் துணியாலான இலகு பூட்ஸ் சோடி 900 கிராமும் இருந்தால் வித்தியாசம் 700 கிராம். நான்கால் பெருக்கினால் முதுகுப் பையில் கூடுதலாக 2.8 கிலோ ஏற்றிக்கொண்டதற்குச் சமம். உணவு, தண்ணீர், மழையங்கி, தொலைநோக்கி என எடை குறைக்கப் பாடுபடும் ஒருவர் காலில் மட்டும் இப்படி அள்ளிக் கொடுப்பதற்கு நியாயமில்லை. இன்னொரு வழியிலும் கணக்குப் பார்க்கலாம். எட்டுக் கிலோமீட்டர் நடைக்கு ஏறக்குறைய 11,000 அடிகள் எடுத்து வைக்கிறோம். ஒரு காலில் 350 கிராம் கூடுதலாக இருந்தால், மாலைக்குள் கால்கள் தூக்கி வைத்த மேலதிக எடை மூன்றேமுக்கால் தொன்னைத் தாண்டும். அதுவும் காய்ந்த நிலையில். தோல் நனைந்தால் இந்த எடை இன்னும் ஏறும்.

நனையாமல் இருக்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி. மாத்தளை மலைகளில் முடியாது. இந்தப் பக்கத்துக் காலநிலையைப் பறவைகளின் நாட்காட்டியோடு சேர்த்துப் பார்த்தால் இது புரியும். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே இருக்கின்றன. ஆறுமணிக்குருவி அடிவாரத் தோட்டங்களில் கூவுவது அந்த மாதங்களில்தான். அதே மாதங்களில்தான் ஒக்டோபர், நவம்பரின் பிற்பகல் இடிமழையும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றின் மழையும் மலையின் கிழக்குச் சரிவை நனைக்கின்றன. மழை விட்ட மாதங்களிலும் ரிவர்ஸ்டன் கணவாயை மூடுபனி சும்மா விடுவதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அங்கே நிற்பதே பாடு. பனித்திவலை புல்லில் தங்கி, பாதையோரம் தொடையளவு வளர்ந்த மானாப் புல்லைத் தள்ளிக்கொண்டு போனாலே முழங்கால் வரை தண்ணீர் வடியும். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியையும் மங்கிய நீல ஈபிடிப்பானையும் தேடுபவர் விடியற்காலையில், புல்லில் நீர் நிற்கும்போதே நடக்கிறார். அரெங்கா எனப்படும் இலங்கையின் சீழ்க்கைப் பூங்குருவியைத் தேடுபவர் அடர்காட்டு ஓடையோரத்தில், பொழுது புலரும் வேளையிலோ சாயும் வேளையிலோ நிற்க வேண்டும். சேர எல்ல அருவிப் பக்கம் இறங்கினாலும் கால் நனைய இடமுண்டு. நல்ல பறவை இருக்கும் இடமும் நேரமும் மாதமும் ஈரமானவை.

தண்ணீர் புகாத பூட்ஸ் வாங்கினால் போதுமே என்பார்கள். கோர்-டெக்ஸ் போன்ற மென்படலம் வெளியிலுள்ள நீரைத் தடுத்து, உள்ளேயுள்ள வியர்வையை ஆவியாக வெளியேற்றும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆவி வெளியேறுவது காலுக்கு அருகிலுள்ள காற்றின் ஈரத்துக்கும் வெளிக்காற்றின் ஈரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். வெளியே ஐந்து பாகைக் குளிரும் வறட்சியும் இருக்கும் ஐரோப்பிய மலையில் அந்த வித்தியாசம் பெரிது. இருபது பாகையில் மூடுபனி நிறைந்த ரிவர்ஸ்டனில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும்; இலுக்கும்புர வெக்கையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். வெளியிலிருந்து ஒரு துளி நீரும் வராவிட்டாலும் வியர்வையாலேயே காலுறை நனைந்துபோகும். அதற்கும் மேல், பூட்ஸின் வாய் திறந்தே இருக்கிறது. ஈரப் புல்லிலிருந்து காலில் வழிந்த நீர் மேலிருந்து உள்ளே இறங்கினால் அதே மென்படலம் அதை வெளியே விடாது. நீரைத் தடுப்பதற்குப் பணம் கொடுத்து வாங்கியவர் அந்த நீரைச் சுமந்துகொண்டே நாள் முழுவதும் நடப்பார். அடுத்த நாள் காலையிலும் அது காய்ந்திருக்காது.

இதை வெப்பநாட்டுக் காடுகளில் போரிட்ட படைகள் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டன. இரண்டாம் உலகப் போரில், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் மாத்தளைக்குத் தெற்கே கண்டியில் வந்து தங்கியிருந்த காலத்தில், பர்மாக் காட்டுக்கென்று உருவான பூட்ஸ் கன்வஸ் துணியும் ரப்பர் அடியும் கொண்டது. வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் அணிந்த காட்டு பூட்ஸின் உட்பக்க வளைவில் கம்பிவலை பதித்த இரண்டு சிறு துளைகள் இருந்தன; நடக்கும்போதே பாதத்தின் அழுத்தத்தில் நீர் அவற்றின் வழியாகப் பீறிட்டு வெளியேறும். நீர் உள்ளே வரும் என்று ஏற்றுக்கொண்டு, அது சீக்கிரம் போகவும் துணி சீக்கிரம் காயவும் வழி செய்வதே அந்த வடிவத்தின் அடிப்படை. மாத்தளை மலைக்குச் சப்பாத்துத் தேடுபவர் கடையில் எடுத்துப் பார்க்க வேண்டியதும் இதையே. உட்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறதா, நாக்கு தடித்த மெத்தையா, துணி வழியே வெளிச்சம் தெரிகிறதா, பக்கத்தில் துளையோ வலைத்துணியோ இருக்கிறதா என்று பாருங்கள். தடித்த மெத்தை கடையில் சுகமாக இருக்கும். மழையில் நீரைக் குடித்து ஊறிய சாக்கைப்போலக் கனக்கும்.

கால் நனைந்தால் தோல் ஊறும், ஊறினால் கொப்புளம் வரும், கொப்புளம் உடைந்தால் சேற்று நீரில் நோய் வரும் என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மாத்தளையில் அது வெறும் கற்பனையும் அல்ல. 2008இல் நாடு முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் வந்தபோது மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. அந்தக் கிருமி எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலிலுள்ள கீறல், வெடிப்பு, புண் வழியாக உடலுக்குள் போகிறது. வியட்நாமிலும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஈரத்தில் இருந்த படைவீரர்களின் பாதம் வெந்து நடக்கமுடியாமல் போனது. ஆனால் இந்தச் சான்றுகளை நிதானமாகப் படித்தால் அவை காட்டுவது வேறு: காலைக் கெடுப்பது நனைவதல்ல, காயாமலே இருப்பது. பகலில் நனைந்து இரவில் முழுக்கக் காயும் கால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சீக்கிரம் காயும் சப்பாத்து அதற்கு உதவுகிறது. நீரைத் தேக்கும் பூட்ஸ் அதைக் கெடுக்கிறது. கொப்புளத்துக்கு ஈரத்தோடு உரசலும் வேண்டும். உரசலைக் குறைப்பது சரியான அளவும் நல்ல காலுறையும். பருத்திக் காலுறையை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது. மெல்லிய கம்பளியோ செயற்கை நூலோ கலந்த காலுறை இரண்டு சோடி இருந்தால், மதியச் சாப்பாட்டின்போது ஒன்றைக் கழற்றிப் பிழிந்து பையில் தொங்கவிட்டு, காலைக் காற்றில் கால் மணி நேரம் வைத்துவிட்டு மற்றதைப் போட்டுக்கொள்ளலாம். புண்ணோ வெடிப்போ இருந்தால் ஒட்டுப் பிளாஸ்டர் போட்டு மூடிவிட்டே வயல்வெளிக் குறுக்குப் பாதைகளில் இறங்க வேண்டும். பயணம் முடிந்து ஓரிரு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எங்கே நடந்தோம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவும் வேண்டும்.

கனத்த உயர பூட்ஸுக்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது கணுக்கால் சுளுக்கு. உயரமான பூட்ஸ் கணுக்காலைப் பிடித்து வைக்கும் என்ற நம்பிக்கை ஆழமானது. சான்று அவ்வளவு ஆழமாக இல்லை. 1993இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் 622 கூடைப்பந்து விளையாட்டாளர்களைப் பிரித்துச் சிலருக்குத் தாழ்ந்த சப்பாத்தும் சிலருக்கு உயர்ந்த சப்பாத்தும் கொடுத்துப் பருவம் முழுவதும் கணக்கெடுத்தார்கள். சுளுக்கு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கூடைப்பந்துத் தளமும் இங்குள்ள பிட்டவல பத்தனைப் புல்வெளியும் ஒன்றல்ல என்று மறுப்பது சரியே. ஆனால் இங்கே சுளுக்கு எப்படி வருகிறது என்று யோசித்தால் வாதம் இலகுவான சப்பாத்தின் பக்கமே சாய்கிறது. கால் புரள்வது பெரும்பாலும் களைத்த பிறகு, இறக்கத்தில், பாதம் கல்லின் விளிம்பை உணராமல் வைக்கப்படும்போது. தடித்த உயர்ந்த அடி பாதத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துகிறது. ஓரத்தில் மிதித்தால் புரளும் விசை அதிகம். தாழ்ந்த, வளையும் அடி கல்லின் வடிவத்துக்குப் படிகிறது. பழகாத கணுக்காலைப் பூட்ஸால் காப்பாற்ற நினைப்பதைவிட, பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஒற்றைக் காலில் நின்று பழகுவதும் படிக்கட்டு ஏறி இறங்குவதும் பயன் தரும்.

பாம்பு விடயத்தில் மட்டும் உயர பூட்ஸ் வேண்டும் என்பவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கும் நச்சுப்பாம்பு கூன்மூக்குக் குழிவிரியன். சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். சருகு நிறத்தில், ஒரு அடி நீளத்தில், சருகுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதால் கண்ணுக்குப் படாது. தேயிலை, மிளகு, ஏலத் தோட்டங்களிலும் காட்டோரத்திலும் கிடக்கும். கடிப்பது பெரும்பாலும் பாதத்தையும் கணுக்காலையும். அடிவாரத்தில் நாவுல, லக்கல பக்கத்துப் புதர்க்காட்டிலும் வயலோரத்திலும் கண்ணாடி விரியனும் உண்டு. எனவே விரல் தெரியும் செருப்பும், வலைத்துணி மட்டுமே உள்ள ஓட்டப்பந்தயச் சப்பாத்தும் இங்கே போதாது. நான் பரிந்துரைப்பது கணுக்கால் எலும்பை மூடும் உயரமுள்ள, அடர்ந்த நெய்த துணியாலான, விரல் முனையில் ரப்பர் தடுப்புள்ள இலகு பூட்ஸ். உயரம் வேண்டும், கனம் வேண்டாம். அந்தத் துணி பாம்பின் பல்லுக்கு முழுத் தடை என்று யாரும் நம்பிவிடக் கூடாது. சருகில் கால் வைக்கும் முன் கோலால் தட்டுவதும், மாலை மங்கிய பின் விளக்கில்லாமல் நடக்காததும், கடித்தால் கீறாமல் கட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதும் பூட்ஸைவிட அதிகம் காக்கும்.

அட்டைக்காகவும் உயர பூட்ஸ் வாங்குகிறவர்கள் உண்டு. அது வீண். அட்டை பூட்ஸின் வெளிப்பக்கமாகவே ஏறி வாய்வழியாக இறங்கும். மெல்லிய குட்டி அட்டை நாடாத் துளையின் வழியாகவும் நுழையும். அதைத் தடுப்பது நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறைதான். காற்சட்டையை அதற்குள் விட்டு, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டி, அதன்மேல் சப்பாத்தைப் போட வேண்டும். வெளிர் நிறத் துணியாக இருந்தால் ஏறுவது உடனே தெரியும். சவர்க்காரத்தை ஈரமாக்கிக் காலுறையின் மேல் தடவுவதும், உப்புப் பொட்டலத்தைத் துணியில் கட்டி வைத்துக்கொள்வதும் தோட்டத்து மக்கள் காலம் காலமாகச் செய்துவருபவை. இந்தக் காலுறைக்கு இடம் வேண்டும் என்பதால் சப்பாத்து வாங்கக் கடைக்குப் போகும்போதே அதையும் எடுத்துப் போக வேண்டும். வீட்டில் மெல்லிய காலுறையோடு சரியாக இருந்த சப்பாத்து, இரத்தோட்டையைத் தாண்டிய பிறகு நெரிக்கத் தொடங்கினால் மாற்ற வழியில்லை.

அடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 1935இல் இத்தாலிய மலையொன்றில் பொருந்தாத காலணியோடு சிக்கி ஆறு பேர் இறந்த பிறகு, விட்டாலே பிரமானி என்பவர் 1937இல் உருவாக்கிய பல்வைத்த ரப்பர் அடியே இன்றைய மலை பூட்ஸ் அடிகளின் முன்னோடி. ஆழமான பல் சேற்றையும் ஈரப் புல்லையும் பிடிக்கும். பாறையில் கதை வேறு. ஈரப் பாறையில் பிடிப்பைத் தருவது பல்லின் ஆழத்தைவிட ரப்பரின் மென்மையும் தரையைத் தொடும் பரப்பும். பிட்டவல பத்தனை பத்து ஹெக்டேயர் அளவேயான புல்வெளி. மேலே மெல்லிய மண், கீழே சரளை, இடையிடையே தட்டையான பாறைகள். மழைக்காலத்தில் அந்தப் பாறைகளின் மேல் நீர் ஒரு படலமாக வழிந்துகொண்டே இருக்கும். நக்கிள்ஸில் மட்டுமே வாழும் பளிங்கு நிறப் பாறைத்தவளை குடியிருப்பது அந்த ஈரப் பாறைகளில்தான். வழுக்கி விழுவதும் அங்கேதான். தவளையின் குடியிருப்பை மிதிக்காமல் சுற்றிப் போவது இரண்டு விதத்திலும் நல்லது. கடையில் அடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றே உள்வாங்கி மீண்டு வருவது வேண்டும். பிளாஸ்டிக்கைப்போல வழுவழுவென்று நகம் சறுக்கினால் அந்தச் சப்பாத்து வேண்டாம். பல் நாலைந்து மில்லிமீட்டர் ஆழமும் நன்றாக இடைவெளியும் உள்ளதாக இருந்தால் சேறு ஒட்டிக்கொண்டு நிற்காது. மென்மையான அடிக்கு இன்னொரு குணமும் உண்டு: அது சத்தம் போடாது. சுண்டாங்கோழியின் குரலைக் கேட்டவர்கள் பலர், பறவையைக் கண்டவர்கள் சிலர். அது தரையிலேயே ஒதுங்கி ஓடும் பறவை. விறைத்த அடி சரளையில் உரசும் ஓசை அதன் காதுக்கு எட்டியதும் காரியம் கெட்டுவிடும்.

தோட்டத் தொழிலாளர் செருப்போடும் வெறுங்காலோடும் இதே மலையில் ஏறி இறங்குகிறார்களே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு முழு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்களின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடக்குப் பாதையில் காட்டு வழியாகத் தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு வெறுங்காலோடு நடந்தே வந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். செருப்போடு மலை ஏறுவது ஒரு திறமை என்பதை மறுக்க முடியாது. ஆனால் வசதியான காலணி வாங்கக் கூலி போதாததும் அதற்குப் பின்னால் இருக்கிறது. பாம்புக்கடியும் எலிக்காய்ச்சலும் வேறு காலணி இல்லாத கால்களையே முதலில் தேடி வருகின்றன. எனவே அதை முன்மாதிரியாகக் காட்டுவது சரியல்ல. அந்தப் பாதங்களிடமிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு: வடிவம். 1992இல் இந்தியாவில் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதங்களைப் பரிசோதித்தார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கே. விரலை மூடும் சப்பாத்து அணிந்தவர்களிடம் அது மிக அதிகம். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம் பாதங்கள் முன்புறம் அகன்று, விரல்கள் விரிந்து இருக்கின்றன. மேலைநாட்டு அச்சில் செய்த பல பூட்ஸ்கள் முன்புறம் குறுகியவை. அளவெண் சரியாக இருந்தும் சுண்டுவிரல் புண்ணாகிறது என்றால் நீளத்தைக் கூட்டுவதால் பயனில்லை; அகலமான அச்சைத் தேட வேண்டும். ஒரு காகிதத்தில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடிழுத்து வெட்டி, சப்பாத்தின் உள்மெத்தையைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பாருங்கள். காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மாலையில் வாங்குங்கள், நடந்து திரிந்த கால் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். நாடாவைக் கட்டிய பின் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். கடையில் படிக்கட்டு இருந்தால் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முட்டினால், ரிவர்ஸ்டனிலிருந்து இறங்கும் நாளில் நகம் கறுக்கும். ஏறும்போது குதி எழும்பினால் கொப்புளம் உறுதி. அந்த இரண்டும் இல்லாத சப்பாத்து விலை குறைந்த கன்வஸ் வகையாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டும் உள்ளது எவ்வளவு பெயர்பெற்ற நிறுவனத்துடையதாக இருந்தாலும் வேண்டாம். 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையை, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், தனியாக நடந்து முடித்தது சாதாரணக் கன்வஸ் சப்பாத்துகளில்தான். வழியில் பல சோடிகள் தேய்ந்தன. இலகு சப்பாத்தின் உண்மையான குறை அதுதான்: அது சீக்கிரம் தேயும். தோல் பூட்ஸ் பல ஆண்டு உழைக்கும் இடத்தில் துணிச் சப்பாத்து இரண்டு பருவம் தாங்கினால் அதிகம். மாதம் ஒருமுறை மலைக்குப் போகிறவருக்கு இந்தச் செலவு கனக்கத்தான் செய்யும். வருடத்துக்கு நாலைந்து தடவை போகிறவருக்குத் தோல் பூட்ஸின் நீண்ட ஆயுளால் பெரிய இலாபம் இல்லை, ஏனென்றால் நம் ஈரக் காற்றில் பூட்ஸ் அலமாரியிலேயே வயதாகிறது.

பல கனத்த பூட்ஸ்களின் நடு அடி பொலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் ஆனது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது உள்ளுக்குள்ளேயே சிதையும். வெளித் தோற்றத்தில் புதிதுபோலவே இருக்கும் பூட்ஸ், சில ஆண்டு பெட்டியில் கிடந்த பிறகு மலையில் அரை மணி நடந்ததும் அடி தனியாகக் கழன்று கையோடு வரும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொடுத்த பழைய பூட்ஸையும், கழிவு விலையில் கிடைக்கும் பழைய கையிருப்பையும் வாங்கும் முன் இதை நினைக்க வேண்டும். ஈ.வி.ஏ. என்ற நுரை நாளடைவில் அமுங்கித் தட்டையாகுமே தவிர இப்படி உதிராது. இலகு சப்பாத்துகளில் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. மலையிலிருந்து வந்ததும் சேற்றைக் கழுவி, உள்மெத்தையையும் நாடாவையும் கழற்றி, பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, சில மணிக்கொரு தடவை மாற்றி நிழலில் காயவிடுங்கள். அடுப்படியிலும் வெயிலிலும் வைத்தால் பசை விட்டுவிடும். அடுத்த பயணத்துக்கு முந்திய வாரம் எடுத்து, நடு அடியைப் பெருவிரலால் பலமாக அழுத்தி, சப்பாத்தை இரண்டாக வளைத்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ ஓரத்தில் வெடிப்புக் கண்டாலோ அந்தச் சோடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வேறு வாங்குங்கள். புதிதாக வாங்கியதை ஊருக்குள் ஒரு வாரம் போட்டு நடந்த பிறகே இரத்தோட்டை பஸ்ஸில் ஏறுங்கள்.